நிமிரச் சொல்பவர்களும் குனிய வைத்தவர்களும்

எங்கட நண்பி ஒருத்தி போன வருடம் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். அதற்கு முதல் கிழமை ஒரு பயிற்சி வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுத்த விசயங்களில் ஒன்று இது: உள்ளே கூப்பிடுவதற்கு முன்னம் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, கால்களை அகட்டி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். படங்களில் வாற சுப்பர் ஹீரோ மாதிரி. அப்படி நின்றால் துணிச்சலுக்கான ஓமோன் கூடும், பதற்றத்துக்கான ஓமோன் குறையும், இது விஞ்ஞானம் நிரூபித்த உண்மை என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருத்தரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. கேள்விகள் முடியும்வரை நின்றபடியே பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

வெளியே வந்து எங்களிடம் சொன்ன முதல் வசனம்: "கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் வடிவா நிக்கேல்லைப் போல."

வேலை கிடைக்கவில்லை. அது கூட எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை, எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வேலைதான். ஆனால் அந்த வசனம் உறுத்தியது. ஒரு கதிரை தராத மூன்று பேரை விட்டுவிட்டு, தான் கழிவறைக்குள் நின்ற விதத்தில் அவள் பிழை தேடுகிறாள். இந்த இரண்டு நிமிட வித்தை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து தேடத் தொடங்கினோம். சாள்ஸ் டார்வினில் தொடங்கிய தேடல், கடைசியில் எங்கட ஊர்ப் பள்ளிக்கூட வாங்கில் வந்து நின்றது.

உடம்பு முந்தியா, மனம் முந்தியா?

1867 இல் டார்வின் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து உலகத்தின் பல பக்கங்களுக்கும் அனுப்பினார். மதகுருமார், அதிகாரிகள், தோட்டக் கலைஞர்கள் என்று பலருக்கும் அது போனது. மனிதர் எல்லா இடங்களிலும் ஒரே விதமாகத்தான் உணர்ச்சிகளைக் காட்டுகிறார்களா என்பது அவருடைய கேள்வி. அந்தப் பட்டியலில் ஒன்று, ஒருவர் ஆத்திரப்பட்டு எதிர்த்து நிற்கும்போது தலையையும் உடம்பையும் நிமிர்த்தி, தோளை விரித்து, கையைப் பொத்திப் பிடிக்கிறாரா என்று கேட்டது. வந்த பதில்களில் இலங்கையிலிருந்து போனவையும் இருந்தன. 1872 இல் வெளிவந்த அவருடைய நூல், உணர்ச்சியை வெளியே தாராளமாகக் காட்டினால் அது உள்ளேயும் கூடும், காட்டாமல் அடக்கினால் தணியும் என்று சொன்னது. உடம்பு மனதின் வேலைக்காரன் மட்டுமில்லை, திருப்பி அதுவும் மனதுக்குக் கட்டளை போடும் என்ற எண்ணத்தின் ஆரம்பங்களில் இதுவும் ஒன்று.

அதை இன்னும் துணிச்சலாகச் சொன்னவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த வில்லியம் ஜேம்ஸ். கரடியைக் காண்கிறோம், பயப்படுகிறோம், ஓடுகிறோம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைப்போம். 1884 இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஜேம்ஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். கரடியைக் கண்டதும் உடம்பு நடுங்குகிறது, ஓடுகிறது. அந்த நடுக்கத்தை உணர்வதற்குப் பெயர்தான் பயம். அடுத்த வருடமே டென்மார்க்கின் கார்ல் லாங்கே என்ற மருத்துவரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். இதிலிருந்து ஜேம்ஸ் ஒரு புத்திமதியும் எடுத்தார்: மனச் சோர்விலிருந்து வெளியே வரவேண்டும் என்றால் நெற்றிச் சுருக்கத்தைத் தளர்த்து, முதுகை நிமிர்த்து, குரலைத் தெளிவாக்கு. வெளிச் செயல் மாறினால் உள்ளேயும் மாறும். இன்றைக்கு யூரியூப்பில் கோட் சூட் போட்டுக்கொண்டு கதைக்கிறவர்கள் சொல்வதன் மூலக்கதை இதுதான்.

இந்தக் கதைக்கு எதிர்க்கதையும் அதே ஹாவார்ட்டில் இருந்தே வந்தது. உடலியங்கியல் பேராசிரியர் வோல்டர் கனன் 1927 இல் ஜேம்ஸின் கொள்கையைப் பிரித்து மேய்ந்தார். பயத்திலும் இதயம் படபடக்கிறது, கோபத்திலும் படபடக்கிறது, காய்ச்சலிலும் படபடக்கிறது. உடம்பின் மாற்றம்தான் உணர்ச்சி என்றால் இந்த மூன்றும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன? நல்ல கேள்வி. முழுசாகத் தீராத கேள்வியும்கூட.

படம் பிடிக்கப்பட்ட முதுகுகள்

அந்தக் காலத்திலேயே இன்னொரு கூட்டம் முதுகைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு மனதின் உணர்ச்சி முக்கியமில்லை. ஆளின் தரம்தான் முக்கியம். 1914 இல் அமெரிக்காவில் மருத்துவர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் சேர்ந்து உடல்நிலைச் சங்கம் ஒன்றையே தொடங்கினார்கள். 1917 இல் ஹாவார்ட்டின் முதலாம் வருட மாணவர்களை ஆராய்ந்த லொயிட் பிரவுண் என்ற மருத்துவர், அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். நாட்டின் சிறந்த பிள்ளைகளே கூனிப்போய் நிற்கிறார்கள் என்றால் நாடு என்னாவது என்ற பதற்றம் பரவியது.

அதன் பிறகு நடந்ததை இப்ப வாசித்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும். அமெரிக்காவின் பேர்பெற்ற பல பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியரை உடுப்பில்லாமல் நிறுத்தி, உடல்நிலையை அளப்பதற்கென்று படம் பிடித்தார்கள். 1960கள் வரைக்கும் இது சில இடங்களில் நடந்தது. முதுகின் வளைவைப் பார்த்து ஆளின் புத்தியையும் குணத்தையும் சொல்லலாம் என்று நம்பியவர்களின் கையிலும் அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த நம்பிக்கைக்கு ஒரு ஆதாரமும் இருக்கவில்லை. பிற்காலத்தில் வெட்கப்பட்டுப் பெரும்பாலான படங்களை அழித்தார்கள்.

நிமிர்ந்து நில் என்பது கேட்க நல்ல புத்திமதிதான். ஆனால் அதைச் சொல்கிறவர் கையில் அதிகாரமும் ஒரு கமராவும் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

பேனையைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்கள்

1980களில் உளவியலாளர்கள் ஜேம்ஸின் எண்ணத்தைத் திரும்பவும் ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1982 இல் றிஸ்கின்ட், கோற்றே என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலரைக் கூனிக்குறுகி இருக்கவும் சிலரை நிமிர்ந்து இருக்கவும் செய்துவிட்டு, பிறகு புதிர்களைக் கொடுத்தார்கள். கூனியிருந்தவர்கள் கெதியாகவே கைவிட்டார்கள். இந்த ஆய்வை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு திரும்பி வருவோம்.

1988 இல் ஜேர்மனியின் பிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் அவருடைய தோழர்களும் செய்த ஆய்வு இன்னும் பிரபலம். பங்குபற்றியவர்களில் சிலர் பேனையைப் பல்லால் கடித்துக்கொண்டார்கள். அப்ப வாய் சிரிக்கிற மாதிரி விரியும். மற்றவர்கள் உதட்டால் பிடித்துக்கொண்டார்கள். அப்ப வாய் கூம்பும். பல்லால் கடித்தவர்களுக்குக் கேலிச்சித்திரங்கள் கூடுதல் பகிடியாகத் தெரிந்தன. சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தாலும் மனம் மகிழும் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. 2016 இல் 17 ஆய்வுகூடங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 1,900 பேரை வைத்து இதைத் திரும்பச் செய்து பார்த்தன. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 2022 இல் 19 நாடுகளில் 3,878 பேருடன் நடந்த இன்னொரு ஆய்வு ஒரு நடுவழியைக் காட்டியது: வேண்டுமென்றே சிரித்தவர்களுக்கு மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது. பேனை வித்தைக்கு மட்டும் தெளிவான பலன் இல்லை.

அதாவது உடம்பு மனதைத் தொடுகிறது. ஆனால் மேடையில் சொன்ன அளவுக்கு இல்லை. எங்கட நண்பியின் இரண்டு நிமிடக் கதையும் இதே பாதையில்தான் போனது.

இரண்டு நிமிடங்களின் ஏற்றமும் இறக்கமும்

2010 இல் டேனா கார்னி, ஏமி கடி, அன்டி யாப் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். பங்குபற்றியவர்கள் 42 பேர். ஒரு பகுதியினர் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டு, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தார்கள். பிறகு ஒரு மேசையில் கைகளை அகல ஊன்றி ஒரு நிமிடம் நின்றார்கள். மற்றவர்கள் கைகளை மடியில் கோத்து ஒடுங்கி இருந்தார்கள், பிறகு கையையும் காலையும் குறுக்காக வைத்து நின்றார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து ஓமோன் அளந்தார்கள். கையில் 2 டொலர் கொடுத்து, வைத்திருக்கிறீர்களா, பகடை உருட்டுகிறீர்களா என்றும் கேட்டார்கள். வென்றால் 4 டொலர், தோற்றால் ஒன்றுமில்லை. விரிந்து நின்றவர்களில் 86 வீதம் பேர் உருட்டினார்கள். ஒடுங்கியவர்களில் 60 வீதம். விரிந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடியது, கோர்ட்டிசோல் குறைந்தது என்று கட்டுரை சொன்னது.

கவனித்தீர்களா? இடுப்பில் கைவைத்து நிற்கும் சுப்பர் ஹீரோ நிலை அந்த ஆய்வில் இல்லவே இல்லை. அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2012 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஏமி கடி ஒரு டெட் உரை நிகழ்த்தினார். அப்ப அவர் ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். 19 வயதில் கார் விபத்தில் தலையில் அடிபட்டு, பட்டப்படிப்பை முடிக்க மாட்டாய் என்று சொல்லப்பட்ட தன் கதையையும் சொன்னார். அந்த உரை கோடிக்கணக்கானோரைத் தொட்டது. நாங்களும் பார்த்தோம், எங்களில் இரண்டு பேர் அழுதோம். கேட்டவர்களில் எத்தனையோ பேர் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கையை இடுப்பில் வைத்தார்கள். பிரித்தானியாவில் அரசியல்வாதிகளே காலை அகட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். 2015 இல் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்னும், 2018 இல் உள்துறை அமைச்சரான அன்று சாஜிட் ஜாவிட்டும் நின்ற படங்களைத் தேடிப் பாருங்கோ, சிரிப்பு வரும்.

இறக்கம் 2015 இல் தொடங்கியது. சூரிச்சில் ஏவா ரானஹில்லும் தோழர்களும் 200 பேரை வைத்து அதே ஆய்வைச் செய்தார்கள். யார் எந்த நிலையில் நின்றார் என்பது ஆய்வாளருக்கே தெரியாதபடி ஒழுங்கு செய்தார்கள். விரிந்து நின்றவர்கள் தங்களுக்கு வலு வந்தது போல இருக்கிறது என்று சொன்னார்கள். ஆனால் ஓமோனில் மாற்றம் இல்லை. துணிந்து பணம் வைப்பதிலும் மாற்றம் இல்லை. 2016 செப்டெம்பரில், முதல் கட்டுரையின் முதற்பெயருக்குரிய டேனா கார்னியே இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். பிழைகளையும் தானே வரிசைப்படுத்தினார். ஆட்கள் குறைவு. இடையிடையே முடிவைப் பார்த்துப் பார்த்து ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். இன்னொன்று: பகடையில் வென்றதா தோற்றதா என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது எச்சில் எடுக்கப்பட்டது. வென்ற சந்தோசத்திலேயே ஓமோன் கூடியிருக்கலாம், நின்ற நிலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

தன்னுடைய பேர்பெற்ற கண்டுபிடிப்பைத் தானே கைவிட்ட அந்தக் கடிதம் எங்களுக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம். ஏமி கடியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் முழுசாகப் பின்வாங்கவில்லை. ஓமோனை விட்டாலும், வலு வந்த உணர்வு உண்மை என்று 2018 இல் வேறு ஆய்வுகளைத் தொகுத்து வாதாடினார். அதற்குள் அவரை இணையத்தில் கேலி செய்த விதம் விஞ்ஞான விமர்சனத்தின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. அந்தக் காலத்தில் சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவு சொன்னவர் அவர் மட்டுமில்லை. 2015 இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவானவைதான் தேறின. துறையே தடுமாறிய நேரம், அடி ஒரு சிலருக்குத்தான் விழுந்தது.

மிஞ்சியது என்ன?

இனித்தான் எங்களை யோசிக்க வைத்த விசயம். பெரும்பாலான ஆய்வுகள் விரிந்து நின்றவரை ஒடுங்கி நின்றவருடன்தான் ஒப்பிட்டிருந்தன. சாதாரணமாக, இயல்பாக நின்ற ஒருவருடன் ஒப்பிட்டவை மிகச் சில. அப்படியென்றால் இரண்டு கூட்டத்துக்கும் இடையில் தெரிந்த வித்தியாசம் விரிந்தவர் உயர்ந்ததால் வந்ததா, ஒடுங்கியவர் தாழ்ந்ததால் வந்ததா? 2019 இல் மார்க்கஸ் கிரேடே இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார். பிறகு டென்மார்க் ஆய்வாளர்கள் பல பத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விரிந்து நிற்பது பெரிதாக ஒன்றும் தருவதில்லை. ஒடுங்கி நிற்பதுதான் எடுத்துக்கொள்கிறது.

1982 ஆய்வை ஞாபகப்படுத்துங்கோ. அங்கேயும் கெதியாகக் கைவிட்டவர்கள் கூனியிருந்தவர்கள்தான். 2015 இல் நியூசிலாந்தில் 74 பேரின் முதுகில் பசைநாடா ஒட்டி, சிலரை நிமிர்த்தியும் சிலரைக் கூனவைத்தும் ஒரு பேச்சுப் பரீட்சை வைத்தார்கள். கூனியவர்களுக்குப் பயம் கூட, தன்மதிப்புக் குறைவு. அவர்கள் "நான்", "எனக்கு" என்று தங்களைப் பற்றியே கூடுதலாகக் கதைத்தார்கள். பதற்றப்படுகிற ஆள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல.

அப்ப கேள்வியே மாறிவிடுகிறது. எப்படி விரிந்து நிற்பது என்பது சின்னக் கேள்வி. ஆட்களைக் கூன வைப்பது எது, யார் என்பதுதான் பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட நாங்கள் ஹாவார்ட்டுக்குப் போகத் தேவையில்லை.

எங்கட வாங்கு

தமிழில் மானம் பற்றிய சொற்களைப் பாருங்கோ. தலைநிமிர்வு, தலைகுனிவு, கூனிக்குறுகுதல், முதுகெலும்பு இல்லாதவன், கைகட்டி வாய்பொத்தி நிற்றல். எல்லாமே உடம்பு நிற்கிற விதங்கள். இந்தச் சொற்கள் எங்கட மொழிக்குள் சும்மா வரவில்லை. கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்பது ஒரு காலத்தில் உவமை இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர்களுக்கு முன்னால் உண்மையாகவே அப்படித்தான் நிற்க வேண்டியிருந்தது. தோளில் கிடக்கிற சால்வை, எதிரே "பெரிய ஆள்" வந்தால் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு மேலுடம்பை மறைக்கும் உடை, செருப்பு, குடை எல்லாவற்றுக்கும் தடைகள் இருந்தன. குடை பிடிக்கிறவன் நிமிர்ந்துதான் நடக்க வேண்டும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்திலும் அதுதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இடங்களிலும் அவர்களை நிலத்தில் இருத்தினார்கள், அல்லது வகுப்புக்கு வெளியே இருத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருப்பார்கள். 1920களின் கடைசியில் இதை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற அமைப்பு, சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக நின்றது. அதிலிருந்தவர்கள் பலர் அப்ப எங்கட வயதுப் பொடியள். 1929 இல் அரசாங்கம், உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று பணித்தது. அதற்கு வந்த எதிர்ப்பைக் கேளுங்கோ: மனுக்கள் போயின. சிலர் தங்கட பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்தார்கள். சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன.

ஒரு வாங்குக்காக! நிலத்துக்கும் வாங்குக்கும் இடையில் ஒன்றரை அடி உயரம் இருக்குமா? அந்த ஒன்றரை அடியை விட்டுக்கொடுக்காமல் இருக்கப் பள்ளிக்கூடத்தையே எரிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, உடம்பின் நிலை மனதை என்ன செய்யும் என்று எந்த உளவியலாளரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் சமமாக இருந்து படித்த பிள்ளை நாளைக்குச் சால்வையை இறக்காது என்று அவர்களுக்கு வடிவாகத் தெரிந்திருந்தது.

தேநீர்க் கடைகளிலும் அதே கதை நீண்டது. உள்ளே கதிரையில் இருக்கக் கூடாது, வேறு பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்த பிறகும் நடைமுறை லேசில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் தாக்கியது. பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகி, சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைகளுக்குள்ளும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராட்டங்கள் நடந்தன. உள்ளே போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்பது. யோசித்துப் பார்த்தால் அது ஒரு உடல்நிலைதான். இரண்டு நிமிடத்துக்குத் தனியாகக் கழிவறைக்குள் இல்லை, எல்லாரும் பார்க்க, அடி விழும் என்று தெரிந்துகொண்டு, பக்கத்தில் தோழர்களுடன்.

இங்கே ஒரு விசயத்தில் நாங்கள் கவனமாக இருக்க விரும்புகிறோம். ஆய்வுகூடத்தில் சில நிமிடம் கூனியிருப்பதும் தலைமுறை தலைமுறையாகக் குனிய வைக்கப்படுவதும் ஒன்று இல்லை. ஒன்றின் எண்களை எடுத்து மற்றதற்கு மேல் ஒட்டக் கூடாது. இன்னொன்றும் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் சொன்னது முழுசாகச் சரி என்றால், அத்தனை காலம் குனிந்து நின்றவர்களின் மனமும் குனிந்தே போயிருக்க வேண்டும். போகவில்லையே. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகள்தான் 1966 இல் தெருவில் இறங்கினார்கள். குனிவு பலருக்கு உயிர் பிழைக்கப் போட்ட வேசம். உள்ளே என்ன நிலை என்று வெளியே பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. முதுகைப் படம் பிடித்து ஆளை அளக்கலாம் என்று நினைத்த ஹாவார்ட் மருத்துவர்கள் விட்ட பிழையும் இதுதான்.

எங்கட பெற்றோரின் உடம்பிலும் இப்படி ஒரு பாடம் இருக்கிறது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தவர்கள் அவர்கள். நேரே பார்க்காதே, சத்தமாகக் கதைக்காதே, கையைப் பொக்கற்றுக்குள் விடாதே. எங்கட அம்மாமார் எங்களுக்குச் சொல்லித் தந்த உடல்மொழி அது. அதை நம்பிக்கைக் குறைவு என்று ஒரு பயிற்றுனர் சொல்லிவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது வேறு பெயர் உள்ள விசயம்.

அப்ப என்ன செய்யிறது?

நிமிர்ந்து நிற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்முகப் பரீட்சைக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனுக்கு மேல் கூனிக்கொண்டு இருப்பதைவிட நிமிர்ந்து, தோளைத் தளர்த்தி, ஆறுதலாக மூச்சு விட்டுக்கொண்டு இருப்பது நல்லது. ஆய்வுகளில் மிஞ்சி நிற்கிற பகுதியும் இதற்குத்தான் துணை. இடுப்பில் கைவைத்து நின்றால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது என்றால் தாராளமாக நில்லுங்கோ, ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அது தருவது ஒரு சின்ன உணர்வு மட்டும்தான். உங்கட இரத்தத்தை மாற்றுகிற மந்திரம் இல்லை. நின்ற பிறகும் கை நடுங்கினால் நீங்கள் வித்தையைப் பிழையாகச் செய்தீர்கள் என்று அர்த்தம் இல்லை. வித்தையே அவ்வளவுதான். நடுங்கிய கையோடும் சரியான பதிலைச் சொல்லலாம்.

மற்றப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலர் இன்னும் பத்து வருடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்போம். ரீச்சராக, முகாமையாளராக, கந்தோரில் கையொப்பம் வைக்கிறவராக. பிள்ளையை வாங்கில் ஏற்றி நிறுத்துவதும் முட்டுக்காலில் நிறுத்துவதும் இன்றைக்கும் சில இடங்களில் தண்டனைதான். கந்தோருக்கு வாற வயதுபோன ஆட்களை நிற்க வைத்தே கதைப்பது இன்னும் பழக்கம்தான். நம்பிக்கை வகுப்பு வைப்பதற்குச் செலவழிக்கிற காசில் ஒரு கதிரை வாங்கிப் போடலாம்.

எங்கட நண்பி அதன் பிறகு இன்னொரு இடத்துக்குப் போனாள். இந்த முறை கழிவறைக்குப் போகவில்லையாம். உள்ளே நுழைந்ததும் நடுவில் இருந்த அம்மா கதிரையைக் காட்டி, "இருங்கோ பிள்ளை, தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாவாம். கை அப்பவும் நடுங்கினதாம். கிளாசைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதாம். தண்ணியைக் குடித்துவிட்டு, இருந்தபடியே கதைத்துவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை.